வாயாடிக்கு வாங்கிய அகராதி

லிஃப்ட்காரர் ஆட்களை மாடிக் கணக்கில்தான் அடையாளம் வைத்திருந்தார். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வருபவர் ஆறாவது மாடி. வாசனை முதலில் வந்து ஆள் பின்னால் வருகிற வக்கீலம்மா நாலாவது மாடி. ஏறும்போதும் சிடுசிடு, இறங்கும்போதும் சிடுசிடு, நடுவில் மட்டும் கண்ணாடியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்கிற கணக்கு அதிகாரி இரண்டாவது மாடி. இரண்டாவது மாடிக்குப் போக லிஃப்ட் எதற்கு என்று அவரிடம் கேட்கிற தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

லிஃப்ட் பழையது. பொத்தானை அழுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற ரகம் இல்லை. இரும்பு மடிப்புக் கதவைக் கையால் இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியைத் திருப்பி ஓட்ட வேண்டும். கைப்பிடியை விட வேண்டிய இடத்தில் விட்டால்தான் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒட்டி நிற்கும். கொஞ்சம் முந்தினால் பள்ளம், கொஞ்சம் பிந்தினால் மேடு. இறங்குகிறவர் தடுக்கி விழ வேண்டியதுதான். லிஃப்ட்காரர் கையில் யாரும் தடுக்கி விழுந்ததில்லை. அதற்காக யாரும் அவரைப் பாராட்டியதும் இல்லை. விழுந்தால்தானே அங்கே ஒரு மனிதர் நிற்பது நினைவுக்கு வரும்!

அந்த வேலைக்குப் பேச்சு அதிகம் தேவைப்படாது. "ஏறலாம்", "கால் பாத்து", "மேலயா கீழயா", "இடமில்ல, அடுத்த தடவ". இந்த நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டே மனிதர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். வீட்டில் அதுவும் கிடையாது. பேச்சு இலாகா முழுக்க மனைவியிடம் இருந்தது. வீட்டுக்காரரிடம் சண்டை போடுவது, உறவினரிடம் நலம் விசாரிப்பது, குழாய் பழுது பார்க்க வந்தவனிடம் பேரம் பேசுவது, பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று கணவருக்குச் செய்தி வாசிப்பது, எல்லாம் அவள்தான். லிஃப்ட்காரர் தலையை ஆட்டுவார். குடும்பம் நன்றாகவே நடந்தது.

ஒரு நாள் அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளால் பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு படுக்கத்தான் முடிந்தது. டாக்டர் லிஃப்ட்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த மாதிரி வலி? குத்துதா, எரியுதா, முறுக்கிப் பிடிக்குதா?"

"வலிக்குது டாக்டர்."

"வலிக்குது, சரி. எப்படி வலிக்குதுன்னு சொன்னாங்க?"

"ரொம்ப வலிக்குதுன்னா."

டாக்டருக்குப் பின்னால் வரிசை நின்றது. ஓர் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் விடியும்போது திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடி என்ன பயன். உள்ளே ஏதோ வெடித்துவிட்டது என்றார்கள். லிஃப்ட்காரரின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருப்பவள், ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த டாக்டரைக் கிழி கிழியென்று கிழித்தாள். லிஃப்ட்காரர் டாக்டரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனக்குச் சொல்லத் தெரியாததால்தான் அவள் போனாள் என்று தன் மேலேயே வழக்கு எழுதி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்க்க ஒரு டாக்டருக்கு வார்த்தை எதற்கு என்று யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். பழியைத் தானே விரும்பி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டவரிடம் இருந்து அதைப் பிடுங்குவது சுலபமில்லை.

ஒரே மகள் அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள். அம்மாவின் வாய் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. அதனால்தான் அத்தை அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கட்டடத்துக்கு வந்துவிடுவாள். லிஃப்டில் இருந்த ஒரே முக்காலியில் அவள் உட்கார, அப்பா நின்றுகொண்டே ஓட்டுவார். ஆட்கள் ஏறி இறங்கும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் அவளுடைய கச்சேரிதான்.

"அப்பா, ஆறாவது மாடி மாமா இன்னைக்கு ஒரு கால்ல நீலம், ஒரு கால்ல கறுப்பு சாக்ஸ் போட்டிருக்காரு, பாத்தியா? காலைல சண்டை போட்டுட்டு வந்திருப்பாரு. இல்ல, இருட்டுல போட்டிருப்பாரு. இல்லப்பா, ரெண்டு ஜோடி வெச்சிருப்பாரு, நாளைக்கு மாத்திப் போட்டுட்டு வருவாரு பாரேன்!"

"ஏறலாம்," என்பார் லிஃப்ட்காரர், கதவைத் திறந்தபடி. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

நாலாம் வகுப்பில் அவளுக்கு ஒரு நல்ல டீச்சர் வாய்த்தார். அந்த டீச்சர் எங்கெங்கோ சொல்லி, வகுப்புக்கு ஒரு கட்டு சிறுவர் அகராதி வாங்கி வைத்திருந்தார். பெரியவர்கள் அகராதி மாதிரி கண்ணில் எறும்பு ஊர்கிற எழுத்து இல்லை. கொட்டை எழுத்து, பக்கத்துக்கு நாலைந்து வண்ணப் படம், ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரிப் பொருள், கீழே எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம். டீச்சர் அதை நடத்திய விதம் இன்னும் அழகு. கதை படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் நிறுத்த வேண்டும், அகராதியில் தேட வேண்டும், பொருளைப் படிக்க வேண்டும், பிறகு புத்தகத்தை மூடிவிட வேண்டும். மூடிய பிறகுதான் விஷயமே. அந்தச் சொல்லை வைத்துத் தன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் அந்தச் சொல் உன்னுடையது. முடியாவிட்டால் நாளைக்குத் திரும்ப வா.

வாயாடிக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்த கதை. ஒரு சொல்லைத் தேடப் போவாள், வழியில் பக்கத்துச் சொல்லின் படம் கண்ணில் படும், அதையும் படிப்பாள், அது இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். ஒன்றுக்குப் போனவள் மூன்றோடு திரும்பி வருவாள். சாயங்காலம் லிஃப்டில் எல்லாம் அவிழும்.

"அப்பா, நீ இப்பக் களைச்சுப்போயிருக்கியா, சலிச்சுப்போயிருக்கியா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"இல்லப்பா! களைப்பு உடம்புக்கு வர்றது. தூங்கினா போயிடும். சலிப்பு மனசுக்கு வர்றது. தூங்கி எந்திரிச்சாலும் அங்கயே உக்காந்திருக்கும்."

லிஃப்ட்காரர் பித்தளைக் கைப்பிடியைச் சட்டை நுனியால் துடைத்தார். "களைப்புதான்," என்றார். பொய் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தனக்குள் உட்கார்ந்திருந்தது என்ன என்று இந்தப் பொடிசு ஒரே சொல்லில் எடுத்து வெளியே வைத்துவிட்டதே! குத்துகிறதா, எரிகிறதா, முறுக்குகிறதா என்று இவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் மனம் எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், "முடிஞ்சா வீட்லயும் ஒரு டிக்‌ஷனரி வாங்கி வைங்க. ரொம்ப ஆர்வமா இருக்கா," என்றார். லிஃப்ட்காரர் அன்றைக்கே புத்தகக் கடைக்குப் போனார். இருப்பதிலேயே தடியான அகராதியைக் கையில் எடுத்தார். கடைப் பெண் யாருக்கு என்று விசாரித்துவிட்டு அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள்.

"இது பெரியவங்களுக்குங்க. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பாத்தா, அந்த அர்த்தத்துலயே நாலு வார்த்தை தெரியாததா இருக்கும். குழந்தைன்னா இதை எடுத்துக்கோங்க," என்று டீச்சர் வைத்திருந்த அதே சிறுவர் அகராதியைக் கொடுத்தாள்.

இதுவரை ஒரு குறையும் இல்லை. புத்தகம் சரி, டீச்சர் சரி, பிள்ளை சரி. அப்பாவின் ஆசையைத் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கெடுத்தது நல்ல செய்திதான். வக்கீலம்மா ஒரு நாள் லிஃப்டில் போகும்போது, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு நாலைந்து பிள்ளைகளைச் சம்பளம் இல்லாமல் ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னார். எழுத்துப் பரீட்சை கிடையாது, பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். "உங்க பொண்ணு பேசற பேச்சுக்குக் கண்ணை மூடிட்டு எடுத்துக்குவாங்க," என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அன்றைக்கு அப்படியே கூட்டிக்கொண்டு போயிருந்தால் எடுத்திருப்பார்கள்.

ஆனால் லிஃப்ட்காரர் யோசிக்க ஆரம்பித்தார். அங்கங்கே மேய்ந்து பொறுக்கிய சொற்களுக்கே பிள்ளை இந்தப் போடு போடுகிறாள் என்றால், புத்தகம் முழுவதும் உள்ளே போய்விட்டால்? எந்தக் கேள்வி கேட்டாலும் மாட்டிக்கொள்ள மாட்டாள். யார் முன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க மாட்டாள். அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். லிஃப்ட் ஒரு மாடியைத் தாண்டிக் குதிக்குமா? கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொன்றாகத்தானே ஏற வேண்டும்! அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்வது என்று முடிவானது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். சொல், பொருள், எடுத்துக்காட்டு, மூன்றும் உள்ளபடியே வர வேண்டும். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை. வாழ்நாள் முழுக்க ஏறி இறங்கியே பழகிய ஒருவருக்குத்தான் தோன்றும்.

முக்காலியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கை கட்டிக்கொள்வாள். அவர் ஒரு கையில் லிஃப்டின் கைப்பிடி, ஒரு கையில் அகராதி, வரியின் மேல் கட்டைவிரல். முதல் சில நாட்கள் அவள் முரண்டு பிடித்தாள்.

"அப்பா, புத்தகத்தை மூடிட்டு நானா ஒண்ணு சொல்லட்டுமா? டீச்சர் அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல இதுல இருக்கறதைச் சொல்லு."

அந்த அப்புறம் வரவே இல்லை. பேசுகிற பிள்ளை என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பிடிக்கிறது என்பதால் இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும். அம்மா போனதிலிருந்து அந்த மனிதர் முகத்தில் வெளிச்சம் வந்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் தப்பில்லாமல் ஒப்பித்தால் வந்தது. எந்தப் பிள்ளைதான் ஒப்பிக்காது?

கட்டடமும் சும்மா இருக்கவில்லை. ஆறாவது மாடி ஒரு நாள் லிஃப்டில் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அடேயப்பா! டிக்‌ஷனரியை முழுங்கிட்டாளா?" என்றார். அன்று முதல் அவள் பெயர் டிக்‌ஷனரி. வாயாடி போய்விட்டாள். ஏறுகிறவர்கள் எல்லாம் ஒரு சொல்லைத் தூக்கிப் போடுவார்கள். மாடி வந்து கதவு திறப்பதற்குள் அவள் பொருளோடு திருப்பிக் கொடுப்பாள். சிடுசிடு கணக்கு அதிகாரிகூட இரண்டாவது மாடியில் இறங்காமல் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தார். சாக்லேட் கிடைத்தது, கைதட்டல் கிடைத்தது. லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோதும் அவளைத்தான் மேடையேற்றி ஒரு பக்கம் சொல்ல வைத்தார்கள். டீச்சரும் அன்று கைதட்டியவர்தான். பின்னால் அவரே வருத்தப்பட்டார் என்றாலும் தட்டியது தட்டியதுதான்.

அந்த அகராதியை எழுதியவர்கள் நல்ல மனதுக்காரர்கள். எடுத்துக்காட்டு வேண்டும் என்றதும் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அம்மாதான் போலிருக்கிறது. 'அணை' என்றால் அம்மா என்னை அணைத்துக்கொண்டாள். 'இதம்' என்றால் அம்மாவின் கை இதமாக இருந்தது. 'ஊட்டு' என்றால் அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டினாள். பக்கத்துக்கு ஒரு அம்மாவாவது வந்துவிடுவாள். ஆரம்பத்தில் அந்த வரிகள் வரும்போது சிறுமியின் குரல் இறங்கும். சில சமயம் தாவி அடுத்த சொல்லுக்குப் போய்விடுவாள்.

"எடுத்துக்காட்டை விட்டுட்டியே," என்பார் லிஃப்ட்காரர், கட்டைவிரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு.

அவள் சொல்வாள். நாளடைவில் குரல் இறங்குவதும் நின்றது, தாவுவதும் நின்றது. அம்மா அணைத்தாள், அம்மா ஊட்டினாள், அம்மா தலை வாரினாள், எல்லாம் ஒரே சீராக வந்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்று அவர் நினைத்தார். சில நேரம் இந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

சாக்ஸ் கதைகள் எப்போது நின்றன என்று அவருக்குத் தெரியாது. சத்தம் வந்தால் காது திரும்பும். நின்று போவதை எந்தக் காது கவனிக்கும்? கவனித்தது அக்காதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடா, பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது?"

"வாய் திறக்கலையா? சாயங்காலம் பூரா பேசறாக்கா. 'க' வரிசை முழுக்க முடிச்சுட்டா."

"நான் பேச்சைக் கேக்கறேன், நீ வரிசையைச் சொல்றே. முன்னல்லாம் இவ வந்தா எனக்குக் காது புளிச்சுப்போகும். இப்பக் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுச் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கு. எனக்குப் பயமா இருக்குடா."

"இன்டர்வியூ முடியட்டும்க்கா," என்றார் லிஃப்ட்காரர்.

டீச்சரும் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டும் மழை நாளைப் பற்றி அவள் எழுதியவை. ஒன்று பள்ளி திறந்த புதிதில் எழுதியது, ஒன்று இப்போது எழுதியது. பழையதில் வீட்டுக் கூரை ஒழுகியதையும், அப்பாவும் அவளும் பாத்திரங்களை ஓடி ஓடி வைத்ததையும், ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போட்டதையும், சின்னக் கிண்ணம்தான் ரொம்ப அழுதது என்பதையும் எழுதியிருந்தாள். வரிக்கு வரி பிழை. புதியதில் ஒரு பிழைகூட இல்லை. 'மழை என்பது மேகத்திலிருந்து விழும் நீர். மழை பெய்ததும் அம்மா குடை கொண்டுவந்தாள். தம்பி காகிதக் கப்பல் விட்டான். மழையால் பயிர்கள் செழிக்கும்.'

"இதை ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் படிச்சுக் காமிச்சேன் சார்," என்று டீச்சர் பழைய தாளைத் தொட்டார். பிறகு புதியதைத் தொட்டார். "இதை யாருக்குக் காமிக்கறது?"

"இப்பத் தப்பே இல்லையே டீச்சர்."

டீச்சர் இரண்டு தாள்களையும் மடித்து வைத்தார். "டிக்‌ஷனரி போய்ப் பாத்துட்டு வர்ற இடம் சார். ஒரு வார்த்தை தெரியலைன்னா போகணும், எடுத்துக்கணும், மூடிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடணும். உங்க பொண்ணு அங்கயே குடியிருக்கா. தயவுசெஞ்சு ஒப்பிக்க வைக்கறதை நிறுத்துங்க."

"சரிங்க டீச்சர்," என்றார் லிஃப்ட்காரர். படி இறங்கும்போது, இந்த டீச்சரின் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறதோ, நம் பிள்ளை மேலே போனால் இவர்களுக்கு ஏன் பொறுக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டார். நல்லது சொன்னவரைச் சந்தேகப்படுவதற்கு மட்டும் அவருக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடு வரவில்லை. அன்று சாயங்காலமும் ஒரு பக்கம் நடந்தது.

இன்டர்வியூ வருவதற்குள் கடைசிப் பக்கமும் முடிந்திருந்தது. அன்று இருவரும் நடந்தே போனார்கள். பாலத்தின் மேல் ஓர் ஆள் தன்னைவிட உயரமான நிலைக்கண்ணாடி ஒன்றைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தான். கண்ணாடிக்குள் ஆகாயம் முழுவதும் இருந்தது. மேகம் போயிற்று, ஒரு பறவை போயிற்று, பிறகு அப்பாவும் மகளும் கைபிடித்தபடி அதற்குள் வந்து போனார்கள். இருவரும் நின்று, அவன் பாலத்தைத் தாண்டும் வரை பார்த்தார்கள். லிஃப்ட்காரருக்கே ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்டர்வியூ நடந்த அறை விசாலமாக இருந்தது. நீள மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மாளும் தலை நரைத்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் முகத்திலும் கெடுதல் இல்லை. லிஃப்ட்காரருக்குச் சுவர் ஓரம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அந்த அம்மாள் சிரித்தபடி கேட்டார்.

"உங்க வீட்டைப் பத்திச் சொல்லும்மா."

அவள் நிமிர்ந்து, கை கட்டிக்கொண்டாள். "வீடு. மக்கள் வசிக்கும் இடம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி ஆகியோர் வசிக்கிறோம்."

அந்த அம்மாள் கையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பா என்ன வேலை பாக்கறாங்க?"

"வேலை. ஒருவர் செய்யும் தொழில். அப்பா காலையில் வேலைக்குச் செல்கிறார்."

நரைத்தவர் முன்னால் சாய்ந்தார். மிக மெதுவாகப் பேசினார். "புத்தகத்துல இருக்கறது வேணாம்மா. அதெல்லாம் உனக்கு நல்லாத் தெரியும்னு எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. நீயா ஏதாவது சொல்லு. இங்க வர்ற வழியில என்ன பாத்தே?"

கண்ணாடி என்று லிஃப்ட்காரரின் மனம் கூவியது. கண்ணாடியைச் சொல்லும்மா, அதுக்குள்ள மேகம் போச்சே அதைச் சொல்லு. இந்தப் பிள்ளை பழைய பிள்ளையாக இருந்தால் அந்த ஒரு கண்ணாடியை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பாள். தாங்க முடியாமல், "கண்ணாடி..." என்று வாயைத் திறந்துவிட்டார்.

"நீங்க சொல்லாதீங்க. பிள்ளை சொல்லட்டும்," என்றார் அந்த அம்மாள்.

சிறுமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் எதையோ தேடினாள். பிறகு முன்னால் திரும்பி, தெளிவான குரலில் சொன்னாள்.

"வழி. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்லும் பாதை."

அங்கேதான் லிஃப்ட்காரருக்கு விஷயம் உறைத்தது. டீச்சர் சொல்லி உறைக்காதது, அக்கா அழாத குறையாகச் சொல்லி உறைக்காதது, அந்த ஒரு வரியில் உறைத்தது. அவர்கள் அவளுக்கு ஒரு ரொட்டித் துண்டும் பழச்சாறும் கொடுத்து அனுப்பினார்கள். எடுத்துக்கொள்ளப்போவதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள். "நான் ஏதாவது தப்பா சொன்னேனாப்பா?"

"இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் சொன்னே," என்றார். பொய் சொல்லக்கூட அவருக்கு வழியில்லை.

அன்றே அகராதியைத் துணியில் சுற்றி அலமாரியின் மேலே போட்டார். இனிமேல் ஒப்பிக்க வேண்டாம் என்றார். அவள் சரி என்றாள். வேண்டும் என்றபோதும் சரி, வேண்டாம் என்றபோதும் சரி. டீச்சர் தன்னால் முடிந்ததைச் செய்தார். பக்கத்தில் உட்கார வைத்து, படம் காட்டி, இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். அவள் சரியான விடை எது என்று டீச்சர் முகத்திலேயே தேடிக்கொண்டு நிற்பாள். "கொஞ்ச நாள் விடுங்க, தானா வரும்," என்றார் டீச்சர். கொஞ்ச நாள் போயிற்று. ஐந்தாம் வகுப்பும் பாதி போயிற்று. நல்ல மதிப்பெண் வாங்கினாள். அதிர்ந்து பேசாத பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். அத்தை விடுமுறைக்குத் தன் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்தாள். அந்த வீட்டுக் கூச்சலுக்கு நடுவில் இவள் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு வந்தாள்.

லிஃப்ட்காரர் தானே பேசிப் பார்க்க முயன்றார். அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்; சிரிக்கவும் மனம் வராது. நாலைந்து சொற்களில் பிழைப்பை நடத்திய மனிதர், ஆள் இல்லாத நேரத்தில் கனைத்துக்கொண்டு, "ஆறாவது மாடி இன்னைக்கு... குடையை மறந்துட்டாரு," என்பார். அவள் கேட்டுவிட்டு "ம்" என்பாள். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்பார். "ஒண்ணும் நடக்கலப்பா," என்பாள். இரண்டாவது கேள்வி எப்படிக் கேட்பது என்று அவர் கற்றுக்கொண்டதே இல்லை. முன்பெல்லாம் முதல் கேள்விக்கே தேவை இருந்ததில்லையே.

ஒரு சாயங்காலம் எல்லாரும் இறங்கிப்போன பிறகு, மேலே ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க இருவருமாகப் போனபோது மின்சாரம் நின்றது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. மடிப்புக் கதவுக்கு அப்பால் வெறும் செங்கல் சுவர். விளக்கு இல்லை, விசிறி இல்லை. கீழே காவலாளி, "இருங்க, ஆளைக் கூப்பிட்டிருக்கேன்!" என்று கத்தியது கேட்டது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. இந்த லிஃப்டில் அவர் பலமுறை மாட்டியிருக்கிறார், பயந்ததில்லை. இன்று பயந்தார். ஒரு கை தூரத்தில் இருக்கிற பிள்ளை அங்கே இருக்கிறாளா என்றே தெரியவில்லை. மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

"பயமா இருக்காம்மா?"

"இல்லப்பா."

"ஏதாவது பேசேன்."

"என்ன பேசறது?"

"எது வேணா. உனக்குத் தோணறதை."

இருட்டில் முக்காலி லேசாகக் கிறீச்சிட்டது. அவள் நிமிர்ந்து உட்காருகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

"எந்த எழுத்துப்பா?"

"அது வேணாம்மா," என்றார். "அது இனிமே வேணாம்னு சொல்லிட்டேன்ல. சும்மா பேசு."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அவருக்காக. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கயிறு எங்கோ மேலே முனகிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்பதும், அதற்காக அவள் பயப்பட ஆரம்பித்துவிட்டாள் என்பதும் அந்த இருட்டிலேயே அவருக்குப் புரிந்தது. லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"'ப' சொல்லு," என்றார்.

உடனே ஆரம்பித்தாள். தெளிவான குரல், ஒரு தடங்கல் இல்லை. வெளிச்சம் வரும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வந்த பிறகும் நிறுத்தச் சொல்லவில்லை.